ஏழாங்கட்டை ஒலிபரப்பு

முத்து முகம்மதுவின் அத்தாவுக்குச் சொந்தமான துணி லோரி, கிள்ளானைத் தாண்டி ஏழாவது கட்டையில், அதாவது ஏழாவது மைலில், சடக்குச் சாலையை விட்டு இறங்கி, கித்தா என்கிற ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண் பாதையில் ஏறும்போது சாயங்காலம் நாலரை மணி இருக்கும். மழை அப்போதுதான் விட்டிருந்தது. இலைகளிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் நிற்கவே இல்லை. லோரியின் பின்னால் கைலி மூட்டைகளுக்கும் சேலை மூட்டைகளுக்கும் அடியில், வைக்கோல் சுற்றிய பிஸ்கட் தகரத்துக்குள், லியனார்ட் எட்டு மாதம் உட்கார்ந்து செய்த ஒலிபரப்புக் கருவி இருந்தது.

"மேட்டுமேல தெரியுது பாரு, அதான்," என்றான் முத்து முகம்மது. "தோட்டத்துப் பழைய ஆஸ்பத்திரி. பத்தொம்பது வருஷமா சும்மாதான் கெடக்கு. ஒரு பய எட்டிப் பாக்க மாட்டான்."

"ஏன்?"

"கேட்டா லயத்துல யாரும் வாயத் தெறக்க மாட்டேங்குறாங்க. நமக்கு நல்லதுதானே லா."

லியனார்டுக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்பினால் ஜெயில். அது தெரிந்தே செய்கிற வேலைக்கு ஆள் வராத இடம் வேண்டும், உயரம் வேண்டும். இரண்டும் அங்கே இருந்தன.

அவனுக்கு அப்போது இருபது வயது. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ரயில்வே தந்திப் பட்டறையில் பழுது பார்க்கிற வேலை. 1937-ஆம் வருஷம் கோலாலம்பூரில் வெள்ளைக்காரர்கள் சிலர் பொழுதுபோக்குக்காக ஒலிபரப்பு நடத்திக்கொண்டிருந்தார்கள். பாண்டு வாத்தியம் வரும், குதிரைப் பந்தயம் வரும், தோட்டத்தில் ரோஜா வளர்ப்பது எப்படி என்று ஒரு துரைசானி பேசுவாள். தமிழில் ஒரு சொல் வராது. வாரத்துக்கு அரை மணி நேரம் தமிழுக்குக் கொடுங்கள் என்று கேட்க லியனார்ட் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு துரையைப் பார்க்கப் போனான். அந்த ஆள் சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே சிரித்தான். "கூலிகளுக்கு ரேடியோவா?" என்றான். அவ்வளவுதான். அன்றைக்குப் பற்றிக்கொண்ட கோபம் லியனார்டுக்கு அணையவே இல்லை. பட்டறையில் கழித்துப் போட்ட கம்பிகளையும் பழைய டெலிபோன் வாய்களையும் பொறுக்கினான். சிங்கப்பூர்க் கப்பல்காரன் ஒருவனிடம் கண்ணாடிக் குழாய் வால்வுகள் இரண்டு வாங்கினான். கோபத்தாலேயே அந்தக் கருவியைச் செய்து முடித்தான் என்று சொல்லலாம்.

முத்து முகம்மது சனிக்கிழமைதோறும் லயத்தில், தோட்டக் கூலிகள் குடியிருக்கிற வரிசை வீடுகளில், துணி விற்கிறவன். அவனுக்கு அருமையான குரல். லியனார்டிடம் கருவி, அவனிடம் குரல், லோரியில் பேட்டரி. அதற்கு மேல் என்ன வேண்டும்?

வார்டு என்பது ஒரே நீண்ட கூடம். பக்கத்துக்கு ஐந்து ஜன்னல், எல்லாவற்றிலும் இரும்புக் கம்பி. கட்டில்களை எப்போதோ எடுத்துவிட்டார்கள், அவற்றின் கால்கள் நின்ற இடத்தில் சிமெண்டுத் தரையில் துரு வட்டங்கள் மட்டும் வரிசையாக இருந்தன. நனைந்த சுண்ணாம்பு வாசனை. வௌவால் எச்ச வாசனை. அவற்றுக்கு அடியில், இத்தனை வருஷத்துக்குப் பிறகும், பினாயில்.

லியனார்ட் கதவைச் சாத்தப் போனவன் நின்றான்.

"டேய், உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லடா. ரெண்டும் வெளிப்பக்கம்."

"கழுத ஏதாச்சும் கட்டியிருப்பானுங்க. நீ கம்பியக் கட்டு."

தண்ணீர்த் தொட்டியின் உச்சியிலிருந்து கூரைக்கு ஏரியல் கம்பி இழுத்தார்கள். ஏழு மணிக்கு வால்வுகள் செம்மஞ்சளாகக் கனிந்தன. முத்து முகம்மது டெலிபோன் வாயை உதட்டருகே பிடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது தமிழ் ரேடியோ. ஊரு பேரு கேக்காதீங்க. காத மட்டும் கொடுங்க," என்றான்.

லியனார்டுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

கிராமபோன் தட்டுகள் போட்டார்கள். பத்திரிகையிலிருந்து செய்தி படித்தார்கள். துரைமார்களின் ரோஜா வளர்ப்பைக் கிண்டல் செய்து முத்து முகம்மது துரைசானிக் குரலில் பேசினான். முடித்துக் கிளம்பும்போதுதான், தாகத்துக்கென்று வாங்கி வந்த நான்கு சோடாப் பாட்டில்களை லியனார்ட் எடுத்தான். நான்கிலும் கோலி கழுத்தில் இறுகியபடியே இருந்தது. யாரும் திறக்கவில்லை.

நான்கும் காலி.

"கடைக்காரன் ஏமாத்திட்டான்," என்றான் முத்து முகம்மது. லியனார்டும் அப்படித்தான் நினைத்தான். ஆனால் திரும்பும் வழியெல்லாம் இரண்டு பேருக்கும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கிள்ளான் கடைத்தெருவில் லோரியை நிறுத்தி ஆளுக்கு ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார்கள். அப்படியும் அடங்கவில்லை.

வீட்டில் லியனார்டின் தங்கை ரோசலின் நோட்டுப் புத்தகத்தோடு காத்திருந்தாள். அவள் மட்டும்தான் இந்த இரகசியத்தில் கூட்டாளி. அவர்கள் குடியிருந்த வீட்டு வரிசையிலேயே ரேடியோப் பெட்டி இருந்தது அவர்கள் அப்பா வாலண்டைன் வீட்டில்தான். ஊருக்கு அவர் டிரெசர் வாலண்டைன். ஒரு கிளினிக்கில் மருந்து கலந்து கொடுக்கிறவர், கோயில் சபையில் முன் வரிசைக்காரர், யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் பையைத் தூக்கிக்கொண்டு போகிறவர். ரேடியோ போட்டால் அக்கம்பக்கத்தார் பதினைந்து பேர் அவர் கூடத்தில் வந்து உட்காருவார்கள். ஒலிபரப்பு எப்படிக் கேட்கிறது என்று குறித்து வைப்பது ரோசலினின் வேலை.

"அண்ணே, தெளிவா கேட்டுச்சு. தம்புசாமி அங்கிள் எந்திரிச்சு நின்னு கை தட்டுனாரு. அப்பாகூட சிரிச்சாரு. யாரோ தைரியசாலிப் பயன்னு சொன்னாரு."

அப்பா தன்னைத் தைரியசாலி என்று சொன்னது லியனார்டுக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

அடுத்த சனிக்கிழமை அவன் வீடு திரும்பியபோது கூடம் காலியாக இருந்தது. ரோசலின் வாசலிலேயே அவன் கையைப் பிடித்தாள்.

"ரெண்டாவது பாட்டு முடிஞ்சதும் ஒரு பொம்பள பேசுனாங்களே, யாரு அது?"

"பொம்பளையா? நாங்க ரெண்டு பேருதான்."

"இல்லண்ணே. தண்ணி கேட்டாங்க. மெதுவா, மூச்சு வாங்கிக்கிட்டு. 'ஐயா, ஒரு வாய் தண்ணி'ன்னு. நாடகம்னுதான் எல்லாரும் நெனச்சோம். ஆனா அப்பா மூஞ்சி வெளுத்துப் போச்சு. எந்திரிச்சுப் போயி ரேடியோவ நிறுத்திட்டாரு. எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாரு."

லியனார்டுக்குப் பயம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. எவனோ தன் அலையில் குறுக்கே புகுந்து விளையாடுகிறான், அந்தச் சுருட்டுத் துரையின் வேலையாகத்தான் இருக்கும் என்று பல்லைக் கடித்தான். மூன்றாவது வாரம் ஒரு சின்ன ரிசீவரும் காதில் மாட்டுகிற கருவியும் செய்து எடுத்துக்கொண்டு போனான். தன் ஒலிபரப்பைத் தானே கேட்டு, குறுக்கே வருகிறவன் யாரென்று பிடித்துவிட வேண்டும்.

முதல் பாட்டு சுத்தமாகக் கேட்டது. இரண்டாவதும். தட்டு முடிந்து ஊசி சும்மா சுற்றுகிற அந்தக் கரகரப்புக்குள்...

யாரோ மூச்சு விட்டார்கள்.

லியனார்ட் முத்து முகம்மதுவைப் பார்த்தான். அவன் அடுத்த தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். வாய் மூடியிருந்தது.

"ஐயா."

மிகப் பக்கத்தில். டெலிபோன் வாயில் உதட்டை வைத்துப் பேசுகிற மாதிரி.

"ஐயா, ஒரு வாய் தண்ணி. புள்ளைக்கு மட்டும்."

பிறகு ஓர் ஆண் குரல். பிறகு ஒரு கிழக் குரல். ஒன்றன்மேல் ஒன்றாக, எல்லாம் அதே கேள்வி. அப்புறம் தட்டுகிற சத்தம். முதலில் விரல் முட்டியால். பிறகு உள்ளங்கையால். பிறகு எதையோ கொண்டு இடிப்பது போல. லியனார்ட் காதிலிருந்து கருவியைக் கழற்றி எறிந்தான்.

தட்டுகிற சத்தம் நிற்கவில்லை.

வார்டுக் கதவின் உள்பக்கத்தில் யாரும் இல்லை. கதவு மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது.

"யா அல்லாஹ்," என்று முத்து முகம்மது சுவரோடு ஒட்டினான். அந்த அதிர்வில், கதவின் கீழ்ப்பாதியில் அடித்திருந்த தகரத் தகடு ஆணியோடு பிய்ந்து தரையில் விழுந்தது. சத்தம் நின்றது. லியனார்ட் விளக்கை எடுத்துக்கொண்டு போய்க் குனிந்து பார்த்தான். தகரம் மறைத்திருந்த பலகை முழுக்கக் கீறல். கீழே, தரைக்கு ஒரு சாண் உயரத்தில், படுத்துக்கொண்டே கீறியவர்களின் கீறல். அதில் ஒன்றில் நகம் ஒன்று அப்படியே நின்றது.

சின்ன நகம். குழந்தையின் நகம்.

இரண்டு பேரும் ஓடினார்கள். லயத்தில் முத்து முகம்மதுவிடம் வாடிக்கையாகச் சேலை வாங்குகிற நல்லம்மாள் வாசலில் கஞ்சிச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். பால் மரம் சீவுகிறவள். அவர்கள் முகத்தைப் பார்த்ததுமே சட்டியைக் கீழே வைத்தாள்.

"மேட்டுக்கா போனீங்க?"

"அக்கா, அந்த வார்டுல என்ன நடந்துச்சு?"

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். பேசும்போது அழவில்லை. ஒவ்வொரு சொல்லையும் துப்பினாள்.

"விஷக் காய்ச்சல் வந்த வருசம். முப்பத்தொரு பேர மேட்டுக்குக் கொண்டு போனாங்க. எம் புருசன் இராமலிங்கம் போனாரு. எம் மக சின்னப்பொண்ணு போனா, அஞ்சு வயசு. லயத்துக்குப் பரவக் கூடாதுன்னு ஹார்வுட் தொர கதவச் சாத்தச் சொன்னான். டிரெசர் வெளிய தாழ்ப்பாளப் போட்டான். மொத நாளு ஒரு வாளித் தண்ணி வச்சான். அதுக்கப்புறம் வைக்கல. நாலு நாளு தட்டுனாங்க தம்பி. நாலு நாளு! செரட்டையில தண்ணி எடுத்துக்கிட்டு நான் ஓடுனேன். வேல வாங்குற தண்டல் என்னை மரத்துல கட்டிப் போட்டு அடிச்சான்."

"எல்லாரும் காய்ச்சல்லயா..."

"காய்ச்சல்ல செத்தது எட்டோ ஒம்பதோ. மத்தவங்க தாகத்துல செத்தாங்க. டிரெசர் வூடு வார்டுக்குப் பக்கத்துலதான். அவன் பொண்டாட்டி கைப்புள்ளையக் குளிப்பாட்டுவா, சாயங்காலமானா. கொழாயில தண்ணி ஊத்துற சத்தம் உள்ள இருக்குறவங்களுக்குக் கேக்கும். அப்பத்தான் ரொம்பத் தட்டுவாங்க."

டிரெசர் என்ற சொல் லியனார்டின் காதில் மாட்டிக்கொண்டது. "இந்தத் தோட்டத்துக்கு வேற பேரு உண்டாக்கா?"

"நாங்க ஏழாங்கட்டைன்னு சொல்லுவோம். காயிதத்துல வார்ட்லோன்னு எழுதுவாங்க."

வார்ட்லோ. அந்தப் பெயரை அவன் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறான். பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக் கூடத்தில், இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய ஆங்கிலக் கடிதத்தில். '1918-ஆம் வருஷத்துக் காய்ச்சலில், டிரெசர் வாலண்டைன் தம் மன உறுதியால் நோயை வார்டுக்குள்ளேயே நிறுத்தி வார்ட்லோ தோட்டத்தைக் காப்பாற்றினார்.' கீழே ஹார்வுட் துரையின் கையெழுத்து. 1918-இல் அந்த டிரெசர் வீட்டில் இருந்த கைப்பிள்ளை யார் என்று லியனார்ட் கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அப்பா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். லியனார்ட் சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றி அவர் மடியில் வைத்தான்.

"வார்டுக்குத் தாழ்ப்பாள் போட்டது யாருப்பா?"

ஜெபமாலை நின்றது. அவர் சட்டத்தைக் குப்புறக் கவிழ்த்தார். பிறகு, "நீதானா அது? அந்த ரேடியோ?" என்றார்.

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"தொர உத்தரவு. லயத்துல நானூறு பேரு இருந்தாங்க. கதவத் தொறந்து விட்டிருந்தா நானூறு பேரும் போயிருப்பாங்க. உனக்கு என்னடா தெரியும்? பொணத்தத் தூக்கித் தூக்கி என் தோள் புண்ணாப் போச்சு அந்த மாசம்."

"கதவ மூடுனீங்க, சரி. தண்ணிக்கு என்ன? ஜன்னல் இருந்துச்சே. கம்பி வழியா ஒரு குவளை நீட்ட முடியலையா?"

"நீட்டுனேன்." குரல் உடைந்தது. "ரெண்டாம் நாள் நீட்டுனேன். கம்பி வழியா இருவது கை வந்துச்சு. என் சட்டையப் புடிச்சு இழுத்துச்சு. அதுக்கு மேல என்னால கிட்ட போக முடியல. பயமா இருந்துச்சுடா. எனக்கும் வீட்டுல கைப்புள்ள இருந்துச்சு."

"என்னைச் சொல்லாதீங்க!" லியனார்ட் கத்திய கத்தலில் உள்ளறையிலிருந்து ரோசலின் ஓடி வந்தாள். "என்னைக் குளிப்பாட்டுற தண்ணிச் சத்தத்தக் கேட்டுக்கிட்டே செத்திருக்காங்கப்பா! பயந்தீங்க, சரி. மனுஷன் பயப்படுவான். அப்புறம் எதுக்கு இதக் கண்ணாடி போட்டு மாட்டுனீங்க? பத்தொம்பது வருஷம் எப்படி இதுக்குக் கீழ உக்காந்து சோறு தின்னீங்க?"

வாலண்டைன் ஜெபமாலையைச் சட்டைப் பையில் போட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் இருந்திருந்தால் லியனார்ட் அவரை மன்னித்திருப்பானோ என்னவோ.

"வர்ற சனிக்கிழமை எங்கூட வாங்க. அந்த மைக்குல வந்து சொல்லுங்க. செத்தவங்க பேரச் சொல்லுங்க."

"பேரெல்லாம் ஞாபகம் இல்லடா," என்றார் அவர்.

லியனார்ட் அப்பாவோடு பேசிய கடைசி வார்த்தைகள் அதற்குப் பின் வந்தவை. "ஞாபகம் இருக்குறவங்க இருக்காங்க. ஏழு மணிக்கு."

அந்தச் சனிக்கிழமை, லியனார்ட் கேட்டுக்கொண்டபடி, நல்லம்மாள் ஒரு மண்ணெண்ணெய்த் தகரம் நிறையத் தண்ணீரைத் தலையில் சுமந்துகொண்டு மேட்டுக்கு ஏறி வந்தாள். தண்டல் பார்த்தான். அவள் நின்று அவனைப் பார்த்த பார்வையில் அவன் வாயைத் திறக்கவில்லை. முத்து முகம்மது கதவருகே நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். ஆனால் கிளம்பிப் போகவும் இல்லை.

வெளியே கித்தா மரங்களுக்குள் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. பூச்சிகளின் இரைச்சல் திடீரென்று, யாரோ கையமர்த்தியது போல, நின்றது. வால்வுகள் கனிந்தன. லியனார்ட் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு தலையசைத்தான்.

நல்லம்மாளுக்கு மைக்கில் பேசத் தெரியாது. தினமும் விடியற்காலையில் மணி அடித்ததும் கூலிகளை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, பெரட்டு, அவளுக்குத் தெரிந்தது அதுதான். அதே மாதிரிக் கூப்பிட்டாள்.

"மாரியாயி!"

காதுக்கருவிக்குள் கரகரப்பு.

"இருக்கேன்."

லியனார்ட் திரும்பிப் பார்த்தான். நல்லம்மாளுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவள் கண் இமைக்கவில்லை.

"காத்தமுத்து!"

"இருக்கேன்."

"வீரம்மா! அவ மாமியா சடைச்சி!"

"இருக்கேன்." "இருக்கேன்."

ஒவ்வொரு பெயருக்கும் தரையில் ஒரு துரு வட்டத்தின் மேல் காற்று கனத்தது. பார்க்க எதுவும் இல்லை. ஆனால் கூடம் நிறைந்துகொண்டே வந்தது. மூச்சு முட்டியது. வியர்வையும் காய்ச்சலும் கலந்த வாடை அடித்தது. முத்து முகம்மது கண்ணை மூடி ஓதிக்கொண்டிருந்தான்.

"இராமலிங்கம்!"

"இருக்கேன் புள்ள."

அவள் நிறுத்தாமல் மற்றப் பெயர்களையும் கூப்பிட்டாள். கடைசிப் பெயருக்கு அவள் குரல் இறங்கிவிட்டது.

"சின்னப்பொண்ணு."

ஒன்றும் வரவில்லை. லியனார்ட் காதுக்கருவியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தான்.

"இருக்கேம்மா. தாகமா இருக்கு."

நல்லம்மாள் மைக்கைக் கீழே போட்டாள். தகரத்தைத் தூக்கி அத்தனை தண்ணீரையும் தரையில் கவிழ்த்தாள். தண்ணீர் சிமெண்டின் மேல் பரவியது. பரவிய வேகத்திலேயே ஓரங்களிலிருந்து சுருங்கியது. நாக்குகள் நக்குகிற சத்தம். பத்து எண்ணுவதற்குள் தரை எலும்பு மாதிரி உலர்ந்துவிட்டது.

ஒரு சொட்டு இல்லை.

அப்போது காதுக்கருவிக்குள் முதலில் தண்ணீர் கேட்ட அந்தப் பெண் பேசினாள். இப்போது அவள் குரலில் கெஞ்சல் இல்லை.

"டிரெசரு."

பதில் தூரத்திலிருந்து வந்தது. ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து வருகிற மாதிரி. லியனார்ட் அந்தக் குரலைக் குழந்தையிலிருந்து கேட்டவன்.

"ரோசலின்! கதவத் தொற! ஐயோ, யாராச்சும் தொறங்க!"

லோரி கோலாலம்பூர் வந்து சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வீட்டு வாசலில் தெருவே நின்றது. தம்புசாமி கையில் கோடரி இருந்தது. அப்பாவின் அறைக் கதவு பிளந்து கிடந்தது.

"அண்ணே, நான் ரேடியோவப் போடல," என்று ரோசலின் நடுங்கிக்கொண்டே சொன்னாள். "மத்தியானமே அப்பா கம்பியப் புடுங்கிட்டாரு. ஏழு மணிக்கு அதுவாப் பேசுச்சு. பேரு கூப்பிட்டுச்சு. அப்பா காதப் பொத்திக்கிட்டு ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்துனாரு. உள்ளேருந்துதான் தாழ்ப்பாள் போட்டாரு, நான் கேட்டேன். அப்புறம் தொறக்க முடியலன்னு கத்துனாரு. நாங்க வெளிய இருந்து தள்ளுறோம், அசையல. அரை மணி நேரம்தான் அண்ணே. அரை மணி நேரம்தான் உள்ள இருந்தாரு."

வாலண்டைன் கட்டிலில் கிடந்தார். உதடு பாளம் பாளமாக வெடித்திருந்தது. நாக்கு கறுத்து வீங்கி வாயை அடைத்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. நகமெல்லாம் பிய்ந்து இரத்தம். வந்து பார்த்த டாக்டர், இந்த மனிதர் நான்கு நாளாகத் தண்ணீர் குடிக்கவில்லை என்றார். ஆறரை மணிக்குத் தன் கையால் காப்பி கொடுத்ததாக ரோசலின் சத்தியம் செய்தாள். டாக்டர் நம்பவில்லை.

லியனார்ட் கரண்டியால் தண்ணீர் ஊற்றினான். ஊற்றியதெல்லாம் தொண்டையில் இறங்கியது. ஆனால் உதடு நனையவில்லை. ஒரு செம்பு, இரண்டு செம்பு, குடம். விடியும்போது அவர் செத்துப்போனார், வாய் திறந்தபடி. லியனார்ட் அழவில்லை. அவருக்காக அழ வேண்டும் என்றிருந்தது, அழ முடியாதபடி கோபம் அடைத்துக்கொண்டிருந்தது. அதுவே அவனுக்குப் பெரிய தண்டனையாகப் பட்டது. அடக்கம் முடிந்த அன்றே அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டான்.

பிறகு அவன் சும்மா இருக்கவில்லை. முப்பத்தொரு பெயரையும் எழுதி அரசாங்கத்துக்கு மனு அனுப்பினான். பழைய கோப்பு கிடைக்கவில்லை என்று ஒரு வரி பதில் வந்தது. ஆனால் லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்பியவனைக் கண்டுபிடிக்க மட்டும் அவர்களுக்கு நேரம் இருந்தது. போலீஸ் வந்து கருவியை அள்ளிக்கொண்டு போனது. லியனார்டின் வேலை போயிற்று, மூன்று மாதம் உள்ளே இருந்தான். முப்பத்தொரு பேரைக் கொன்ற துரைக்கு ஒரு நாள்கூட இல்லை. தோட்டத்தார் வார்டை இடித்துத் தள்ளி அந்த மேட்டில் கித்தாக் கன்று நட்டார்கள். நட்ட கன்றெல்லாம் ஒரு வாரத்தில் காய்ந்து குச்சியாக நின்றதாக நல்லம்மாள் சொல்லியனுப்பினாள். தினமும் மழை பெய்கிற மாதம் அது.

ஜெயிலிலிருந்து வந்த லியனார்டை முத்து முகம்மது கிள்ளான் துணிக்கடைக்கே அழைத்துக்கொண்டான். கடையில் வியாபாரத்துக்கென்று ஒரு ரேடியோப் பெட்டி வைத்திருந்தார்கள். முதல் சனிக்கிழமை ஏழு மணிக்கு அதில் சீனப் பாட்டு பாதியில் நின்றது.

"மாரியாயி!"

"இருக்கேன்."

கூப்பிட்டது நல்லம்மாள் குரல் இல்லை. முத்து முகம்மது கடைக் கதவை இழுத்து மூடினான். இரண்டு பேரும் அசையாமல் கேட்டார்கள். முப்பத்தொரு பெயர். அதற்குப் பிறகு முப்பத்திரண்டாவது.

"டிரெசர் வாலண்டைன்!"

"இருக்கேன்," என்றார் அப்பா. வறண்ட குரலில்.

"ஹார்வுட் தொர!"

பதில் இல்லை. ஹார்வுட் துரை பென்ஷன் வாங்கிக்கொண்டு சீமைக்குப் போய்ப் பத்து வருஷமாகிறது. ஆறாயிரம் மைல் தூரத்தில் ஏதோ கிராமத்தில், பெரிய வீட்டில், சௌக்கியமாக இருப்பதாகத் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி சொல்லியிருந்தார். இரண்டாவது சனிக்கிழமையும் கூப்பிட்டார்கள். மூன்றாவது சனிக்கிழமையும் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. குரலில் அவசரமும் இல்லை.

நான்காவது சனிக்கிழமை லியனார்ட் பெட்டிக்கு எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, பற்களைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"ஹார்வுட் தொர!"

கரகரப்பு. வெகுதூரத்தில் ஒரு கதவை யாரோ தட்டினார்கள். பிறகு, தோட்டத்தில் கூலிகளை வேலை வாங்குவதற்காக மட்டும் தமிழ் கற்றுக்கொண்ட ஒரு வெள்ளைக்காரனின் நாக்கு, வீங்கிப் போய், சொல்லைத் தேடித் தேடிச் சொன்னது.

"இர்...க்கேன்."